கடைமடையிலிருந்து தலைமடைக்கு

(கட்டற்ற மென்பொருள் நாளையொட்டி ஒரு கல்லூரி அரங்கில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



என் ஊர் பேராவூரணிப் பக்கம். கல்லணைக் கால்வாயின் கடைமடை. மேட்டூரில் ஜூன் 12ஆம் தேதி தண்ணீர் திறந்தால், மலர் தூவும் படம் மறுநாள் காலைப் பத்திரிகையில் வந்துவிடும். தண்ணீர் எங்கள் வாய்க்காலுக்கு வர வாரக்கணக்கில் ஆகும். நான் எட்டாம் வகுப்பு படித்த ஆண்டு அவ்வளவு நாள் ஆகியும் அது வரவில்லை. அப்பா வயலில் நின்று வரப்பை உயர்த்திக் கொண்டிருந்தார். வந்தால் ஒரு சொட்டும் வெளியே போகக் கூடாது என்ற கவலை அவருக்கு. பக்கத்து வயல் பெரியவர் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு சொன்னார்: “தம்பி, மேல ஷட்டர் கோளாறு. நீ இங்க வரப்பு வெட்டி என்ன ஆவப்போவுது? வா, நாலு பேரு போயி பாத்துட்டு வருவோம்.”

போனார்கள். நாலு பேர், மூன்று சைக்கிள். ஷட்டரைப் பார்த்துக்கொள்ளும் லஸ்கரைத் தேடிப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய்ப் பார்த்தால், ஷட்டருக்கு அடியில் ஒரு மரத்துண்டு சிக்கியிருந்தது. அதை இழுத்துப் போட ஒரு மணி நேரம். மூன்றாம் நாள் தண்ணீர் வந்தது, எங்கள் வயலுக்கு மட்டும் இல்லை, வழியில் இருந்த ஊர் அத்தனைக்கும்.

மென்பொருள் உலகில் ‘அப்ஸ்ட்ரீம்’ என்று ஒரு சொல்லை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஒரு மென்பொருள் எந்த இடத்தில் உருவாகிறதோ, எங்கிருந்து மற்றவர்கள் எல்லாரும் எடுத்துக்கொள்கிறார்களோ, அந்த மூலத் திட்டத்துக்கு அந்தப் பெயர். அதற்குத் தமிழில் என்ன சொல் என்று மொழிபெயர்ப்புக் குழுக்களில் பல பரிந்துரைகள் வந்ததுண்டு. எனக்கு ஒரே சொல்தான் தோன்றும். தலைமடை. நாமெல்லாம் கடைமடைக்காரர்கள். இந்த ஒரு மணி நேரத்தில் நான் சொல்ல வந்தது, அந்தப் பெரியவர் என் அப்பாவிடம் சொன்னதைத்தான்.

முதலில் வாய்க்கால் எப்படி ஓடுகிறது என்று பார்ப்போம். தமிழ்நாட்டு அரசு தந்த பள்ளி மடிக்கணினிகளில் ‘பாஸ்’ என்ற லினக்ஸ் இருந்ததை இங்கே சிலர் பார்த்திருப்பீர்கள். அதைச் சென்னையில் உள்ள சி-டாக் என்ற அரசு நிறுவனம் உருவாக்கியது. ஆனால் அது டெபியன் என்ற பெரிய தொகுப்பிலிருந்து கிளைத்தது. டெபியன் 1993இல் தொடங்கியது. உலகெங்கும் உள்ள தன்னார்வலர்கள் நடத்துவது. அந்த டெபியனும் தன் மென்பொருள்களில் பெரும்பாலானவற்றைத் தானே எழுதுவதில்லை. ஆயிரக்கணக்கான தனித்தனித் திட்டங்களிலிருந்து எடுத்துத் தொகுக்கிறது. ஆக, பள்ளி மாணவி ஒருத்தி அந்த மடிக்கணினியில் ‘கொக்கு’ என்று தட்டினால், அந்தச் சொல் திரையில் வருவதற்குள் எத்தனை மடைகளைத் தாண்டுகிறது என்று எண்ணிப் பாருங்கள்.

‘கொ’ என்ற ஒரே எழுத்தை எடுத்துக்கொள்வோம். கணினியின் நினைவகத்தில் அது இரண்டு குறியீடுகள். முதலில் ‘க’, அடுத்து ‘ஒ’கரக் குறி. திரையில் மூன்று உருவங்கள் வர வேண்டும்: முன்னால் கொம்பு, நடுவில் ‘க’, பின்னால் கால். பின்னால் சேமித்த குறியைப் பிளந்து, ஒரு பாதியை எழுத்துக்கு முன்னால் கொண்டுபோய் வைக்கும் வேலையை ஒரு நிரல் செய்கிறது. அதன் பெயர் ஹார்ஃப்பஸ். ஈரானில் பிறந்த பெஹ்தாத் எஸ்ஃபஹ்பாத் என்பவர் முன்னின்று உருவாக்கியது. பெயரே பாரசீகம். ‘திறந்த எழுத்து’ என்று பொருள். ஃபயர்ஃபாக்ஸ், குரோம், ஆண்ட்ராய்டு, லிப்ரே ஆஃபிஸ் எல்லாவற்றிலும் எழுத்தைக் கோத்துத் தருவது இதுதான். உங்கள் சட்டைப் பையில் இருக்கும் ஆண்ட்ராய்டு கைபேசியில் இந்த நிமிடம் அது ஓடிக்கொண்டிருக்கிறது.

ஹார்ஃப்பஸ்ஸில் தமிழுக்கு ஒரு வழு இருந்தால், கடைமடையில் என்ன செய்ய முடியும்? எழுத்துருவில் ஏதாவது வளைத்து ஒப்பேற்றலாம். செயலியில் ஒரு சுற்றுவழி எழுதலாம். நாளைக்கு வேறொரு செயலியில் அதே கோளாறு வரும். தலைமடையில் ஒருமுறை சரிசெய்தால், அடுத்தடுத்த வெளியீடுகளில் அது எல்லா ஊருக்கும் போய்ச் சேர்ந்துவிடும்.

கோட்பாடாகச் சொன்னால் இது எல்லாருக்கும் உடனே புரிந்துவிடுகிறது. செய்யும்போதுதான் கால் பின்வாங்குகிறது. எனக்கும் அப்படித்தான் இருந்தது. அந்தக் கதையைச் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் நாங்கள் ஐந்து பேர் ஒரு நூலக மென்பொருளைத் தமிழாக்கிக் கொண்டிருந்தோம். அறக்கட்டளை நடத்தும் இரண்டு சிறு நூலகங்களுக்காக. குழுவில் மூன்று பேர் நிரலர்கள், ஒருவர் நூலகர், ஒருவர் தமிழாசிரியை. சொற்களை எல்லாம் முடித்துவிட்டோம். ஓட்டிப் பார்த்தால், புத்தகம் திருப்பும் திரையில் ஒரு வாக்கியம் கண்ணைக் குத்தியது: ‘திருப்பப்பட்டன 3 புத்தகங்கள் இடம் முதன்மை அரங்கு.’

ஆங்கிலத்தில் அந்த வாக்கியம் ‘ரிட்டர்ன்ட் 3 புக்ஸ் டு மெயின் ஹால்’. நிரலை எழுதியவர் அதைத் துண்டு துண்டாக ஒட்டியிருந்தார். முதலில் வினைச்சொல், பிறகு எண், பிறகு ‘புக்ஸ் டு’ என்று ஒரு துண்டு, கடைசியில் அரங்கின் பெயர். மொழிபெயர்ப்பாளர் கையில் கிடைப்பது வினைச்சொல்லும் நடுத்துண்டும் மட்டும். வரிசையை மாற்ற அவருக்கு வழியே இல்லை. தமிழில் வினை கடைசியில் வரும், ‘க்கு’ என்ற வேற்றுமை உருபு பெயருக்குப் பின்னால் ஒட்டும். எவ்வளவு நல்ல தமிழாசிரியை உட்கார்ந்தாலும் அந்தத் துண்டுகளை வைத்துத் தமிழ் வாக்கியம் எழுத முடியாது. கோளாறு மொழிபெயர்ப்பில் இல்லை, மூல நிரலில் இருந்தது.

நாங்கள் வரப்பை உயர்த்தினோம். எங்களிடம் இருந்த பிரதியில் நிரலைத் திருத்தி, இரண்டு நூலகங்களிலும் போட்டோம். ‘3 புத்தகங்கள் முதன்மை அரங்குக்குத் திருப்பப்பட்டன’ என்று அழகாக வந்தது. மூன்று மாதத்தில் புதிய பதிப்பு வந்தது, எங்கள் திருத்தம் அழிந்தது. மறுபடி திருத்தினோம். மறுபடி பதிப்பு வந்தது. மூன்றாவது முறை, அந்தத் திருத்தம் எங்கே இருக்கிறது என்று தெரிந்த தம்பி வேலை கிடைத்துப் பெங்களூருக்குப் போய்விட்டான். அந்த வாரம் முழுக்க நூலகர் என்னிடம் கேட்டுக்கொண்டே இருந்தார், “சார், அந்தப் பழைய தமிழ் எப்ப வரும்?” என்று.

அப்போதுதான் தமிழாசிரியை கேட்டார்: “இதை எழுதினவங்களுக்கே சொல்லிட்டா என்ன?” நிரல் எழுதத் தெரியாதவர் கேட்ட கேள்வி. நிரல் தெரிந்த மூவருக்கும் அது அதுவரை தோன்றவில்லை. தோன்றவில்லை என்பதைவிட, தோன்றியும் தள்ளிப் போட்டோம் என்பதே சரி. ஆங்கிலத்தில் எழுத வேண்டும், யாரோ வெள்ளைக்காரர் குறை சொல்வார், நம் நிரல் நாலு பேர் பார்வையில் படும். அந்தக் கூச்சம்தான்.

எழுதினோம். துண்டுகளை நீக்கி, முழு வாக்கியத்தையும் ஒரே சரமாக வைத்து, எண்ணும் பெயரும் வரும் இடங்களுக்கு எண்ணிட்ட காலியிடங்கள் விட்டோம். இனி எந்த மொழிக்காரரும் காலியிடங்களைத் தம் மொழிக்கு ஏற்ப முன்பின்னாக மாற்றிக்கொள்ளலாம். ஏன் இந்த மாற்றம் தேவை என்று தமிழ் வாக்கியத்தைச் சொல் சொல்லாகப் பிரித்துக் காட்டி விளக்கியவர் தமிழாசிரியை. அதை ஆங்கிலத்தில் எழுதியது நான்.

பராமரிப்பாளரிடமிருந்து நாலு நாளில் பதில் வந்தது. மறுப்பு இல்லை, ஒரு கேள்வி. மூலச் சரத்தை மாற்றினால், ஏற்கெனவே முடிந்த மொழிபெயர்ப்புகள் அந்த இடத்தில் செல்லாமல் போய்விடுமே, அந்த மொழிக்காரர்களுக்கு என்ன சொல்வது? நியாயமான கேள்வி. நாங்கள் நினைத்தே பார்க்காத கேள்வியும்கூட. எங்கள் வயலை மட்டும் பார்த்தோம். அவர் எல்லா வயலையும் பார்க்க வேண்டியவர். என்ன பதில் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தபோது, துருக்கிய மொழிபெயர்ப்பாளர் ஒருவரும் ஜப்பானிய மொழிபெயர்ப்பாளர் ஒருவரும் உரையாடலுக்குள் வந்தார்கள். அந்த இரு மொழிகளிலும் வினை கடைசியில்தான். அவர்களும் பல ஆண்டுகளாக அந்தத் திரையில் உடைந்த வாக்கியத்தோடு காலம் தள்ளியிருக்கிறார்கள். யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

பிறகு பராமரிப்பாளர் இன்னொன்று கேட்டார். ஒரு இடத்தில் மட்டும் மாற்றுவானேன், இதே மாதிரி வேறு எங்கெங்கே இருக்கிறது என்று தேடி மொத்தமாகச் செய்யலாமே? தேடினோம். பதினேழு இடங்கள். ஐந்து பேரும் பிரித்துக்கொண்டோம். நூலகர் ஒவ்வொரு திரையையும் ஓட்டிப் பார்த்துப் படம் எடுத்து அனுப்பினார். ஆறாவது வாரம் திருத்தம் மூலத்தில் சேர்ந்தது. அதன் பிறகு எத்தனை பதிப்பு வந்தாலும் நாங்கள் அந்த இடத்தைத் தொடவே இல்லை.

இதில் நிரல் எழுதிய வேலை அரை நாள். மீதி எல்லாம் விளக்கியது, சோதித்தது, காத்திருந்தது, கேள்விக்குப் பதில் சொன்னது. குழு இல்லாமல் என்னால் இதைத் தனியாகச் செய்திருக்க முடியாது. தமிழாசிரியை இல்லாவிட்டால் தொடங்கியே இருக்க மாட்டேன்.

தனி வரப்பு எவ்வளவு செலவு என்பது பெரிய நிறுவனங்களுக்கும் தெரியும். ஆண்ட்ராய்டைத் தொடங்கியபோது கூகுள் லினக்ஸ் கருநிரலை எடுத்துத் தன் தேவைக்கு மாற்றிக்கொண்டது. மின்சேமிப்புக்காகச் செய்த சில மாற்றங்களைக் கருநிரல்காரர்கள் ஏற்கவில்லை. சேர்த்திருந்த சில பகுதிகளும் கவனிப்பார் இல்லை என்று 2010இல் நீக்கப்பட்டன. ஒவ்வொரு புதிய கருநிரலுக்கும் அந்த மாற்றங்களை மறுபடி மறுபடி பொருத்த வேண்டியிருந்தது. 2012இல் வந்த 3.3 பதிப்பில்தான் ஆண்ட்ராய்டின் பகுதிகள் மீண்டும் மூலத்தில் சேரத் தொடங்கின. இன்று ‘முதலில் தலைமடைக்கு’ என்பது அவர்களுடைய கொள்கை. அத்தனை பணமும் ஆளும் உள்ள நிறுவனத்தாலேயே தனி வாய்க்காலைத் தாங்க முடியவில்லை. நான் வேலை பார்த்த ஒரு சிறு நிறுவனத்தில், திறந்த மூல மென்பொருள் ஒன்றில் அறுபதுக்கும் மேற்பட்ட சொந்த மாற்றங்களை வைத்திருந்தோம். ஒரு பாதுகாப்புத் திருத்தம் வந்தபோது அதைப் போட முடியாமல் நாலு மாதம் திண்டாடினோம். அந்த அறுபதில் ஐம்பதை மூலத்துக்கு அனுப்பியிருக்கலாம், வாங்கியிருப்பார்கள்.

நம் தமிழுக்கு இதைவிடக் கசப்பான பாடம் ஒன்று இருக்கிறது. யூனிகோடு பரவுவதற்கு முன் தமிழைக் கணினியில் எழுத எத்தனை குறியாக்கங்கள் இருந்தன! டிஸ்கி, டாப், டாம், பாமினி, இவை போக ஒவ்வொரு பத்திரிகைக்கும் ஒவ்வொரு எழுத்துரு நிறுவனத்துக்கும் சொந்தமாக ஒன்று. ஒவ்வொருவரும் தன் வீட்டுக் கொல்லையில் கிணறு வெட்டினோம். ஒரு கிணற்றுத் தண்ணீர் அடுத்த வீட்டுக்கு ஆகவில்லை. அந்த நாளில் தட்டச்சான புத்தகங்களின் கோப்புகள் இன்றும் அச்சகக் கணினிகளில் கிடக்கின்றன, திறந்தால் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரிகின்றன. 1991இல் யூனிகோடின் முதல் பதிப்பு வந்தபோது தமிழ் அதில் இருந்தது, இந்திய அரசின் 1988ஆம் ஆண்டு இஸ்கி வரிசையைப் பின்பற்றி. அந்த வரிசை தமிழுக்குப் பொருந்துமா என்று பின்னால் ஆண்டுக்கணக்கில் விவாதித்தோம். விவாதித்தவர்களின் அக்கறையில் எனக்குத் துளியும் ஐயமில்லை. ஆனால் மடை கட்டும்போது அங்கே போய் நின்றிருக்க வேண்டும். கட்டி முடித்த மடையை மாற்றுவது பெரும்பாடு.

அங்கே போய் நின்றவர்களும் இருக்கிறார்கள். பக்கத்துக் கேரளத்தைப் பாருங்கள். 2002இல் தொடங்கிய சுதந்திர மலையாளம் கம்ப்யூட்டிங் என்ற குழு, மலையாளத்துக்கு வேண்டியதைத் தொடர்ந்து மூலத் திட்டங்களுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது. அந்தக் குழுவைச் சேர்ந்த சந்தோஷ் தோட்டிங்கல், வரியின் முடிவில் சொல்லை எங்கே உடைக்கலாம் என்ற விதிகளை இந்திய மொழிகள் பலவற்றுக்கு எழுதினார், தமிழுக்கும் சேர்த்து. டெக் அச்சுக்கோப்பு மென்பொருளின் பொதுத் தொகுப்பில் அவை சேர்ந்தன, அங்கிருந்து ஆண்ட்ராய்டுக்கும் போயின. ஒரு மலையாளி தலைமடையில் செய்த வேலையால் தமிழ்ச் சொற்கள் சரியான இடத்தில் உடைகின்றன.

எழுத்துப் பிழை திருத்தும் ஹன்ஸ்பெல்லும் இப்படித்தான். ஓப்பன் ஆஃபிஸில் அப்போது இருந்த பிழைதிருத்தி ஹங்கேரிய மொழிக்குப் போதவில்லை. ஹங்கேரியமும் தமிழைப் போல ஒட்டுநிலை மொழி. சொல்லின் மேல் உருபு, அதன் மேல் இன்னோர் உருபு. லாஸ்லோ நேமெத் என்ற ஹங்கேரியர் அதற்கென்று செய்த பிழைதிருத்தியை ஓப்பன் ஆஃபிஸ் ஏற்றுக்கொண்டது. இன்று அது லிப்ரே ஆஃபிஸிலும் ஃபயர்ஃபாக்ஸிலும் குரோமிலும் இருக்கிறது. தன் மொழிக்காக அவர் செய்த அடுக்குருபு ஏற்பாடு நமக்கும் பயன்படுகிறது.

நிரல் தெரியாதவர்கள் இங்கே பாதிப் பேராவது இருப்பீர்கள். உங்களால்தான் முடியும் என்ற வேலை ஒன்றைச் சொல்கிறேன். ‘ஔவை’ என்று எழுதச் சொன்னால், பலர் ‘ஒ’ தட்டி, பக்கத்தில் ‘ள’ தட்டி, ‘ஒளவை’ என்று எழுதுகிறார்கள். பல எழுத்துருக்களில் கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. கணினிக்கு அது வேறு சொல். தேடினால் கிடைக்காது, அகர வரிசையில் வேறு இடத்துக்குப் போய்விடும். சரி, ‘ஒ’வும் ‘ள’வும் சேர்ந்து வந்தால் எல்லாவற்றையும் ‘ஔ’ ஆக்கிவிடலாமா? ஆக்கினால் ‘ஒளி’ என்ற சொல் உருக்குலைந்துபோகும். ‘ஒளிந்தான்’, ‘ஒளிவு’ எல்லாம் நாசம். ஆக, பொத்தாம்பொதுவாக மாற்றக் கூடாது. ஹன்ஸ்பெல்லின் விதிக் கோப்பில் இதற்கு வழி இருக்கிறது. அகராதியில் இல்லாத சொல் வந்தால் மட்டும் இந்த மாற்றத்தைப் பரிந்துரை செய் என்று ஒரே வரியில் எழுதலாம். ‘ஒளி’ அகராதியில் இருப்பதால் தப்பித்துக்கொள்ளும். இந்த நுணுக்கம் தமிழ் படித்தவருக்குத்தான் தெரியும். மென்பொருளைப் பராமரிப்பவர் உலகத்திலேயே சிறந்த நிரலராக இருக்கட்டும், அவருக்கு ‘ஒளி’ என்றால் என்ன என்று தெரியாது. நாம் போய்ச் சொன்னால்தான் உண்டு.

தமிழ் ஒரே நாட்டின் மொழியும் இல்லை. எண்ணில் காற்புள்ளி எங்கே வைப்பது என்பதிலேயே வேறுபாடு இருக்கிறது. இங்கே 12,34,567. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் தமிழர் 1,234,567 என்று எழுதுகிறார்கள். யூனிகோடு அமைப்பின் வட்டாரத் தரவுத் தொகுப்பில் இந்தியா, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் நான்குக்கும் தமிழ்ப் பிரிவுகள் தனித்தனியே உண்டு. தேதி, நாணயம், மாதப் பெயர் எல்லாவற்றையும் உலகத்துச் செயலிகள் அங்கிருந்தே எடுக்கின்றன. கோப்புகளை இட்டு வைக்கும் இடத்துக்கு ‘அடைவு’ என்பதா ‘கோப்புறை’ என்பதா என்று எங்கள் குழுவில் ஒரு வாரம் சண்டை நடந்திருக்கிறது. சண்டை போடுவதில் தவறில்லை. யாழ்ப்பாணத்துக்காரரையும் கிள்ளான்காரரையும் கூப்பிடாமல் சண்டை போட்டதுதான் தவறு. தலைமடைக்குப் போகும்போது ஒரே குரலாகப் போக வேண்டும். அங்கே இருப்பவர்களுக்கு ஒரு தமிழ் தெரிந்தால் போதும், நம் உட்பூசல் வேண்டாம்.

இனி, நாம் போய் நிற்கும் அந்தத் தலைமடையில் யார் இருக்கிறார் என்று பார்க்க வேண்டும். எங்கள் பக்கம் ஏரிக்கு நீர்க்கட்டி என்று ஒருவர் இருப்பார். எந்த மடையை எப்போது திறப்பது, யாருக்கு எவ்வளவு என்று அவர் பார்த்துக்கொள்வார். அவருக்கு ஊர் நெல் அளக்கும். மென்பொருளின் நீர்க்கட்டிகள் பலருக்கு யாரும் எதுவும் அளப்பதில்லை.

2024 மார்ச் 29ஆம் தேதி ஒரு செய்தி வந்தது. எக்ஸ்.இசட். என்ற சுருக்கும் மென்பொருளில் யாரோ கள்ள வாசல் வைத்திருக்கிறார்கள் என்று. ஏறக்குறைய எல்லா லினக்ஸிலும் இருக்கும் மென்பொருள் அது. பின்லாந்தைச் சேர்ந்த லாஸ்ஸே கோலின் என்ற ஒரே மனிதர், ஊதியம் இல்லாமல், ஓய்வு நேரத்தில் பல ஆண்டுகள் பராமரித்து வந்தார். மனநலம் தளர்ந்திருந்த காலத்தில், ‘ஏன் இவ்வளவு தாமதம், முடியாவிட்டால் வேறு ஆளிடம் கொடு’ என்று முகம் தெரியாத சிலர் அவரை நெருக்கினார்கள். அதே சமயம் ஜியா டான் என்ற பெயரில் ஒருவர் பணிவாக, உழைப்பாளியாக வந்து உதவினார். இரண்டு ஆண்டுக்கு மேல் நல்ல வேலை செய்து நம்பிக்கை பெற்று, சாவியை வாங்கிக்கொண்டார். பிறகு 5.6.0, 5.6.1 பதிப்புகளில் கள்ள வாசலை வைத்தார். ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்ட் என்ற பொறியாளர், தன் கணினியில் உள்நுழைய வழக்கத்தைவிட அரை விநாடி கூடுதலாகிறதே என்று சந்தேகப்பட்டுத் தோண்டியதால் அது பெரும்பாலான கணினிகளுக்குப் போவதற்குள் பிடிபட்டது.

இந்தச் செய்தியைப் படித்த அன்று எனக்கு இரவு முழுக்க ஒரே எண்ணம். அந்த மனிதர் பக்கத்தில் உண்மையான துணைக்கு நாலு பேர் இருந்திருந்தால்? நாம் எல்லாரும் அந்த மென்பொருளைப் பயன்படுத்திக்கொண்டுதான் இருந்தோம். ஒருவரும் போகவில்லை. போனவர் ஒருவர், அவரும் திருட வந்தவர்.

பராமரிப்பாளர்களுக்குச் சுமை கொடுப்பதில் நம் நாட்டுக்கும் பங்கு உண்டு என்பதை வருத்தத்தோடு சொல்கிறேன். 2020 அக்டோபரில், பங்களித்தால் டி-சர்ட் தருகிறோம் என்று ஒரு நிறுவனம் நடத்திய இயக்கத்தின்போது, ஒரு சொல்லை மாற்றி, ஒரு புள்ளி வைத்து, பொருளற்ற திருத்தங்கள் பராமரிப்பாளர்கள் தலையில் கொட்டின. 2024இல் நம் நாட்டுப் பயிற்சிக் காணொளி ஒன்றைப் பார்த்த மாணவர்கள், எக்ஸ்பிரஸ் என்ற புகழ்பெற்ற திட்டத்தின் அறிமுகக் கோப்பில் தங்கள் பெயரைச் சேர்க்கச் சொல்லி நூற்றுக்கணக்கில் கோரிக்கை அனுப்பினார்கள். செய்முறையில் எப்படிச் சொன்னார்களோ அப்படியே செய்தார்கள். பிள்ளைகளைக் குறை சொல்ல மாட்டேன். கற்றுக்கொடுத்தவர், அந்தப் பக்கம் ஒரு மனிதர் உட்கார்ந்து ஒவ்வொன்றையும் படிக்கிறார் என்பதைக் கற்றுக்கொடுக்கவில்லை. இப்போது செயற்கை நுண்ணறிவு எழுதித் தரும் போலி வழு அறிக்கைகள் வேறு. கர்ல் திட்டத்தை நடத்தும் டேனியல் ஸ்டென்பர்க் அவற்றைப் பற்றிப் பலமுறை மனம் நொந்து எழுதியிருக்கிறார்.

ஆகவே மாணவர்களே, ஒரு திட்டத்துக்குப் போவதற்கு முன் அதைப் பயன்படுத்துங்கள். ஒரு மாதமாவது. அங்கே நடக்கும் உரையாடலைப் படியுங்கள். உங்கள் கண்ணில் பட்ட, உங்களுக்கு உண்மையிலேயே வலித்த ஒரு வழுவை எடுங்கள். எந்தப் பதிப்பு, என்ன செய்தபோது, என்ன எதிர்பார்த்தீர்கள், என்ன நடந்தது என்று எழுதுங்கள். வேறு யாராவது சொன்ன வழுவை உங்கள் கணினியிலும் நடக்கிறதா என்று சோதித்துச் சொல்வதும் பெரிய உதவி. பராமரிப்பாளர் திருத்தத்தைத் திருப்பி அனுப்பினால் அதை அவமானமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். லினக்ஸ் கருநிரலில் ஒரு திருத்தம் இரண்டாம் பதிப்பு, மூன்றாம் பதிப்பு என்று எண்ணிட்டுத் திரும்பத் திரும்பப் போவது அன்றாட வழக்கம். ஏற்றுக்கொண்ட பிறகும் அது ஒவ்வொரு கையாகத் தாண்டிப் போகும்போது, ஒவ்வொருவரும் தன் பெயரை ஒரு வரியில் கையெழுத்தாக இடுகிறார்கள். ‘இதற்கு நானும் பொறுப்பு’ என்று பொருள்.

நிறுவனங்களில் இருப்பவர்களுக்கு ஒரு சொல். பெங்களூருவில் உள்ள ஜெரோதா 2024 அக்டோபரில், கட்டற்ற மென்பொருள் திட்டங்களுக்கு ஆண்டுக்குப் பத்து லட்சம் டாலர் தருவதாக ஒரு நிதியைத் தொடங்கியது. எல்லா நிறுவனமும் அவ்வளவு தர முடியாது. உங்கள் பொறியாளர்களுக்கு வாரத்தில் அரை நாள் தரலாம். அவர்கள் செய்த திருத்தத்தை வெளியே அனுப்ப அனுமதி தரலாம். அது தயவு இல்லை, உங்கள் தண்ணீர் வரும் வாய்க்காலைத் தூர்வாருவது.

அந்தக் காலத்தில் குடிமராமத்து என்று ஒன்று இருந்தது. மழைக்கு முன் வீட்டுக்கு ஓர் ஆள் வந்து ஏரியையும் வரத்து வாய்க்காலையும் தூர்வார வேண்டும். நிலம் இருக்கிறவன் மண்வெட்டியோடு வருவான். வர முடியாதவர் வீட்டிலிருந்து கஞ்சி வரும். மென்பொருள் குழுவும் அப்படித்தான் இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். நிரல் எழுதுகிறவர் ஒருவர், சோதிக்கிறவர் ஒருவர், ஆங்கிலத்தில் விளக்குகிறவர் ஒருவர், புதிதாக வந்த தம்பி தங்கைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித் தருகிறவர் ஒருவர். இப்படிக் கூடுவது நமக்குப் புதிதும் இல்லை. சென்னையில் லினக்ஸ் பயனர் குழு இருக்கிறது. விழுப்புரத்தில் ஒரு குழு இருக்கிறது. 2023 ஜனவரியில் டெபியனின் குறுமாநாடு விழுப்புரத்தில்தான் நடந்தது. கணியம் என்ற இதழ் 2012 முதல் கட்டற்ற மென்பொருள் பற்றி எளிய தமிழில் எழுதி வருகிறது. சிறு ஊரில் இருக்கிறோமே என்று யாரும் தயங்க வேண்டாம்.

வாசலில் ஒரு நோட்டு வைத்திருக்கிறோம். போகும்போது, உங்கள் கைபேசியிலோ கணினியிலோ தமிழ் எங்கே சறுக்குகிறது என்று ஒரு வரி எழுதிவிட்டுப் போங்கள். கலைந்த எழுத்து, உடைந்த வாக்கியம், தேடியும் கிடைக்காத சொல், எதுவானாலும். வரும் சனிக்கிழமை மாலை நாலு மணிக்கு இதே கட்டடத்தின் இரண்டாம் மாடியில் உட்கார்ந்து, ஒவ்வொன்றும் எந்தத் தலைமடைக்குப் போக வேண்டும் என்று பார்த்துப் பிரிக்கப் போகிறோம். நாலு பேர் வந்தால் போதும். அன்றைக்கே முதல் அறிக்கையை அனுப்பிவிடலாம். வாருங்கள்.